பிறையும் பட்டமும்: தோட்டப்புறத் தமிழரின் பயிரிடு நாள் மரபு

முன்னுரை

மலேசியத் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் கிழிக்கப்படும் நாட்காட்டித் தாளில், தேதி, திதி, நட்சத்திரம், இராகு காலம் ஆகியவற்றோடு ‘மேல்நோக்கு நாள்’, ‘கீழ்நோக்கு நாள்’, ‘சமநோக்கு நாள்’ என்னும் மூன்றனுள் ஒன்றும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். இளையோர் பலர் இக்குறிப்பைக் கவனிப்பதில்லை. கவனிப்போர்க்கும் அதன் பொருள் விளங்குவதில்லை. ஆனால், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் போன்ற வட்டாரங்களின் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்தோர்க்கு அது ஒரு வேலைக்குறிப்பு. வெண்டை விதையை என்று ஊன்றுவது, மரவள்ளித் தண்டை என்று நடுவது, பந்தலுக்கு மூங்கிலை என்று வெட்டுவது ஆகியவற்றை அக்குறிப்பையும் வானத்துப் பிறையையும் பார்த்தே முடிவு செய்தனர்.

இம்மரபு இன்று இருவகையாக எதிர்கொள்ளப்படுகிறது. ஒரு சாரார் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார், கடலையே இழுக்கும் நிலவு விதையிலுள்ள நீரை இழுக்காதா என்று கேட்டு, இதனை நிறுவப்பட்ட அறிவியலாகவே காட்டுகின்றனர். இவ்விரு நிலைகளும் மரபை உள்ளவாறு அறியத் துணைசெய்வதில்லை. நிலவை நோக்கிப் பயிரிடும் மரபின் உறுப்புகள் யாவை, அவற்றுள் எவை கடல் கடந்து மலாயாவுக்கு வந்தன, எவை வழியில் நழுவின, எவை சோதனைக்கு உட்படக்கூடியவை என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பிறை வேறு, நோக்கு வேறு

‘நிலவைப் பார்த்து நடுதல்’ என்னும் தொடர் இரண்டு தனித்தனிக் கணக்குகளை ஒன்றாக்கிவிடுகிறது. முதலாவது, பிறைக் கணக்கு. அமாவாசை தொடங்கிப் பௌர்ணமி வரை வளர்பிறை. பௌர்ணமி தொடங்கி அமாவாசை வரை தேய்பிறை. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 29.53 நாள் ஆகும். பஞ்சாங்கம் இதனை 30 திதிகளாகப் பகுக்கிறது. கதிரவனிடமிருந்து நிலவு 12 பாகை விலகிச் செல்லும் காலம் ஒரு திதியாகும். அது சராசரியாக 23 மணி 37 நிமிடம்.

இரண்டாவது, நட்சத்திரக் கணக்கு. நிலவு வானில் எந்த நட்சத்திரப் பகுதியில் நிற்கிறது என்பதை இது குறிக்கும். 27 நட்சத்திரங்களையும் கடந்துவர நிலவுக்கு 27.32 நாள் போதும். இவ்விரு சுற்றுகளுக்கும் இடையே இரண்டு நாளுக்கு மேற்பட்ட வேறுபாடு இருப்பதால், ஒரு மாதத்தில் வளர்பிறையில் வந்த நட்சத்திரம் சில மாதங்கள் கழித்துத் தேய்பிறையில் வரும்.

மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு என்பன இந்த இரண்டாம் கணக்கைச் சார்ந்தவை. ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி ஆகிய 9 நட்சத்திரங்கள் மேல்நோக்குடையன. பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஆகிய 9 கீழ்நோக்குடையன. எஞ்சிய 9 சமநோக்குடையன. மண்ணுக்குமேல் பயன் தரும் வெண்டை, கத்தரி, பயறு, முருங்கை முதலியவற்றை மேல்நோக்கு நாளிலும், மண்ணுக்குள் விளையும் கிழங்குகளை, மஞ்சள் இஞ்சி உட்பட, கீழ்நோக்கு நாளிலும் நடவேண்டும் என்பது பொதுவிதி. கிணறு தோண்டுதல் கீழ்நோக்கு நாளுக்கும், உழுதல் போன்ற சமதளப் பணிகள் சமநோக்கு நாளுக்கும் உரியன.

நாளின் பெயருக்கும் செயலின் திசைக்கும் இடையே காணப்படும் ஒப்புமையே இவ்விதியின் அடிப்படை என்பது தெளிவு. நிலக்கடலை போன்ற பயிர் வரும்போது இவ்வொப்புமை சற்றே தடுமாறுகிறது. அதன் பூ மேலே, காயோ மண்ணுள்ளே. விளைபொருள் எங்கே உள்ளது என்பதையே அளவாகக் கொண்டு அதனைக் கீழ்நோக்கில் சேர்ப்பர்.

வளர்பிறையும் மேல்நோக்கும் ஒருங்கே அமைந்த நாளைச் சிறந்ததாகக் கருதுவோர் உண்டு. அத்தகைய நாள்கள் மாதத்தில் சிலவே கிடைக்கும்; அவற்றின் எண்ணிக்கையும் மாதத்துக்கு மாதம் மாறும். சான்றாக, பௌர்ணமி கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி வரும் மாதத்தில் உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி ஆகிய ஐந்தும் வளர்பிறையில் அமைகின்றன. விசாகத்தை ஒட்டிப் பௌர்ணமி வரும் மாதத்தில் ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம் ஆகிய நான்கே அமைகின்றன. எனவே இம்மரபைப் பின்பற்றியவர் மாதம் முழுவதும் நடுகைக்கு ஆயத்தமாக இருந்து, சில நாள்களில் அதனை முடித்தாக வேண்டியிருந்தது.

மரபு ஒருமுகமானதன்று என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் மரம் நடுதற்குரிய நட்சத்திரங்களைக் கூறும் பகுதி ஒன்றுண்டு. அப்பட்டியலில் மூலமும் விசாகமும் இடம்பெற்றுள்ளன. நாட்காட்டிக் கணக்கிலோ அவை கீழ்நோக்கு நட்சத்திரங்கள். ஆகவே ‘முன்னோர் சொன்னது’ என்று ஒரே விதியைச் சுட்டுவது வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

மேலைநாட்டு முறையோடு இதனைக் குழப்புவதும் இக்காலத்தில் மிகுந்துள்ளது. உருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் ஆற்றிய வேளாண்மைச் சொற்பொழிவுகளிலிருந்து உயிர்ச்சக்தி வேளாண்மை என்னும் இயக்கம் தோன்றியது. அவ்வழியில் ஜெர்மானியரான மரியா துன் 1963 முதல் ஆண்டுதோறும் விதைப்பு நாட்காட்டியை வெளியிட்டார். நிலவு நிற்கும் இராசியைக் கொண்டு வேர், இலை, மலர், கனி என நாள்களைப் பகுப்பது அவர் முறை. நிலவு வானில் வடக்கு நோக்கி ஏறுவதையும் தெற்கு நோக்கி இறங்குவதையும் அம்முறை கணக்கில் கொள்கிறது. இந்த ‘ஏறுநிலவு’ வளர்பிறையும் அன்று. நம் மேல்நோக்கு நாளும் அன்று. பெயர் ஒப்புமையால் மூன்றையும் ஒன்றெனக் கொள்வோர், ஒரு மரபின் விதியை மற்றொரு மரபின் நாளில் பின்பற்றுகின்றனர்.

பருவம் கதிரவனுடையது, நாள் நிலவுடையது

தமிழகத்து உழவர் நிலவை மட்டும் நம்பிப் பயிர்செய்தவரல்லர். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியில் வரும் ஆடி, கதிரவனின் இயக்கத்தால் அமைந்த மாதம். அது ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதியில் முடியும். தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் விதைத்து, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் பயிரை வளர்த்தெடுப்பது அப்பட்டத்தின் உட்பொருள். விதைக்கும் காலத்தைக் கதிரவன் தீர்மானித்தது. அக்காலத்திற்குள் எந்த நாள் என்பதை மட்டுமே நிலவு தீர்மானித்தது.

இவ்வேலைப் பகிர்வு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. தஞ்சோங் மாலிமில் அண்டை அயலாராக வாழும் மூவினத்தார் மரபுகளிலும் இதனைக் காணலாம். சீனர்களின் திருநாள்கள் பிறையைச் சார்ந்தவை. ஆயினும் அவர்களின் உழவுக்கு வழிகாட்டியவை கதிரவனின் இயக்கத்தைக் கொண்டு ஆண்டை 24 கூறாக்கிய பருவக்குறிகளே. இஸ்லாமிய ஆண்டு முழுமையாகப் பிறையைச் சார்ந்து 354 அல்லது 355 நாளில் முடிவதால், அதன் மாதங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். அதனைக் கொண்டு நெல் விதைக்கும் பருவத்தை அறிய இயலாது. எனவே மலாய் நெல் விவசாயிகள், நாம் கார்த்திகை என்று வழங்கும் மீன்கூட்டத்தின் நிலையைப் பார்த்து நாற்றுக் காலத்தை அறிந்தனர். பிறை மாதம் பருவத்தைக் காட்டாது என்பதை மூவரும் உணர்ந்திருந்தனர்.

கடல் கடந்தபோது நேர்ந்தது

19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி, தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை, பெருந்தொகையான தமிழர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்களோடு விதையும் பழமொழியும் பஞ்சாங்கமும் வந்தன. ஆனால், பட்டம் வரவில்லை, வரவும் இயலாது.

தஞ்சோங் மாலிம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 4 பாகைக்குள் அமைந்துள்ளது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இங்கோ அது அரை மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் மழை இருமுறை உச்சம் அடைகிறது. அக்டோபர், நவம்பரில் பெருமழையும் ஏப்ரல், மே மாதங்களில் அடுத்த நிலை மழையும் பெய்கின்றன. ஜூன், ஜூலை மாதங்களிலும் பிப்ரவரியிலும் மழை குறைகிறது. ஆண்டின் மழை குறைந்த காலத்தை ஒட்டியே ஆடி பிறக்கிறது. மழை குறைவு என்றாலும் வறட்சி என்று சொல்லத்தக்க அளவில் இல்லை. ஆக, ஆடிப்பட்டம் இம்மண்ணில் கட்டளையாகவும் இல்லை, தடையாகவும் இல்லை. அது பொருளிழந்தது.

நிலவோ எங்கும் ஒன்றே. தஞ்சையில் தெரிந்த மூன்றாம் பிறை தஞ்சோங் மாலிமிலும் தெரிந்தது. எனவே இரண்டு உறுப்புகள் கொண்ட மரபில், பருவம் கூறும் உறுப்பு தாயகத்திலேயே தங்கிவிட, நாள் கூறும் உறுப்பு மட்டும் இங்குத் தொடர்ந்தது. நிலவே பயிரை ஆள்கிறது என்னும் எண்ணம் தோட்டப்புற வழக்கில் அழுத்தம் பெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கருதலாம். துணைவிதி தனித்து நின்றபோது தலைமைவிதியாகத் தோற்றமளித்தது.

பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவோர் அறியவேண்டிய நடைமுறைக் குறிப்பு ஒன்றும் உண்டு. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முற்பட்டது. இந்தியாவுக்கெனக் கணிக்கப்பட்ட பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரம் இரவு 10.30க்கு முடிவதாக இருந்தால், இங்கு அது மறுநாள் அதிகாலை 1.00 மணிக்கே முடியும். மாற்றமின்றிப் பயன்படுத்துவோர்க்கு நாளே மாறிவிடக்கூடும்.

நிலவு பயிரை இழுக்கிறதா?

அலையெழுச்சியைக் காட்டி நிலவின் ஆற்றலை விளக்குவோரின் வாதம் மேலோட்டமாகப் பொருத்தமாகத் தோன்றும். ஆயின் இருவகையில் அது நிற்கவில்லை.

முதலாவதாக, அலையெழுச்சி என்பது நிலவின் ஈர்ப்பால் மட்டும் எழுவதன்று. புவியின் நிலவை நோக்கிய பக்கத்திற்கும் மறுபக்கத்திற்கும் இடையே அவ்வீர்ப்பில் உள்ள வேறுபாட்டால் எழுவது. புவியின் விட்டம் ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர். அத்துணைத் தொலைவு இருந்தும், அவ்வேறுபாட்டால் தோன்றும் விசை புவியீர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கே. சில மில்லிமீட்டர் அளவுள்ள விதைக்குள்ளோ ஒரு முழ உயரச் செடிக்குள்ளோ அவ்வேறுபாடு அளவிடவும் இயலாத அளவுக்குச் சிறுத்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. பெருவெள்ள அலைகள் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் என மாதம் இருமுறை எழுகின்றன. வளர்பிறை எட்டாம் நாளிலும் தேய்பிறை எட்டாம் நாளிலும் அலை ஒருபோலவே தாழ்கிறது. அதாவது, அலைவிசை வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. மரபோ வளர்பிறையைத் தேய்பிறையினின்று வேறுபடுத்துகிறது. ஆகவே அலையைக் கொண்டு மரபை மெய்ப்பிக்க முனைவோர் மரபின் மையக் கருத்தையே விட்டுவிடுகின்றனர்.

ஒளியை நோக்குவோம். நடுப்பகல் வெயிலின் செறிவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். தெளிந்த வானில் முழுநிலவின் ஒளி அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவினது. இதனைக் கொண்டு இலை உணவு ஆக்குதல் இயலாது. ஆயினும் உயிரினங்கள் நிலவொளியை ஒரு குறிப்பாகக் கொள்வதுண்டு. எபிட்ரா ஃபோமினியா என்னும் மத்தியதரைப் பகுதிச் செடி, ஜூலை மாதத்து முழுநிலவை ஒட்டித் தன் மகரந்தச் சேர்க்கைத் துளிகளைச் சுரப்பதாக ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2015இல் அறிவித்தனர். நிலவொளியில் மின்னும் அத்துளிகள் இரவுப் பூச்சிகளை ஈர்ப்பதாக அவர்கள் விளக்கினர். விளக்குப்பொறியில் சிக்கும் பூச்சிகளின் எண்ணிக்கை முழுநிலவு நாள்களில் குறைவதும் பூச்சியியலார் நன்கறிந்ததே. எனவே நிலவுக்கும் உயிர்களுக்கும் தொடர்பே இல்லை என்பதும் மிகைக்கூற்று. ஆனால் இவற்றிலிருந்து, வளர்பிறையில் ஊன்றிய வெண்டை மிகுதியாகக் காய்க்கும் என்னும் முடிவுக்குத் தாவ இயலாது. ஸ்பெயினின் வாலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ‘அக்ரோனமி’ ஆய்விதழில் இயற்பியல், உயிரியல் இரண்டின் நோக்கிலும் இப்பொருளைத் தொகுத்து ஆராய்ந்தனர். வேளாண் செயல்களை நிலவின் நிலைக்கேற்ப அமைப்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

தோட்டப்புறத்தார்க்கு நன்கு தெரிந்த ஓர் ஒப்பீடு இதனை விளக்கும். ரப்பர் மரத்தை விடியற்காலையில் சீவினால் பால் மிகுதியாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவதால், பால் குழாய்களின் உள்ளழுத்தம் விடியலில் உயர்ந்திருப்பதே காரணம். சீவுநர் இதனை ஏட்டில் படித்தறியவில்லை. மங்கில் நிறைந்த பாலைக் கண்டு அறிந்தார். எந்தத் தோட்டத்திலும் எந்த நாளிலும் எவரும் கண்டுகொள்ளக்கூடிய உண்மை அது. பிறையின் விளைவு அத்தகைய தெளிவோடு இதுவரை எங்கும் புலப்படவில்லை.

மரபு பயன்பட்ட விதம்

அவ்வாறாயின் தலைமுறை தலைமுறையாக இதனைப் பின்பற்றியோர் வீண்வேலை செய்தனரா? அல்லர். நிலவு செடிக்குச் செய்யாததை மனிதர்க்குச் செய்தது.

வளர்பிறை நிலவு மாலையிலேயே வானில் நிற்கும். தேய்பிறை நிலவு பின்னிரவில் எழுந்து விடியலில் ஒளிதரும். மின்விளக்கு வராத லயன் வீடுகளின் வாழ்வை இதனோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பால் எடுத்து, வீடு திரும்பிச் சமைத்து, பிள்ளைகளைக் கவனித்த பெண்களுக்குக் காய்கறிப் பாத்தியில் குனிய எஞ்சியது மாலைப்பொழுதே. இருட்டிய பின்னும் சிறிது நேரம் விதை ஊன்றவும் நீர் ஊற்றவும் ஒளி தந்தது வளர்பிறைதான். தாயகத்தில் தோன்றிய விதி தோட்டப்புறத்தில் நிலைத்ததற்கு இவ்வசதியும் துணைநின்றிருக்கலாம் என்பது நம் கருத்து.

ஒழுங்கும் ஒரு பயனே. நாள் குறிக்கப்பட்டுவிட்டால், அதற்கு முன்னரே பாத்தி கொத்தி, எருவிட்டு, விதையை ஊறவைத்து ஆயத்தமாக வேண்டும். முளைக்கீரை விதைத்த மூன்று அல்லது நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். ஒவ்வொரு வளர்பிறையிலும் ஒரு பாத்தி விதைத்தவர் வீட்டில் ஆண்டு முழுவதும் கீரைக்குக் குறைவிராது. பருவம் தெளிவாகப் பிரியாத நாட்டில், இன்று விதைக்கலாம், அடுத்த கிழமை விதைக்கலாம் என்று தள்ளிப்போடும் மனத்திற்குப் பிறை கெடு விதித்தது. லயத்தில் பலரும் ஒரே நாளில் நட்டதால் விதையும் நாற்றும் கைமாறின. தோட்ட நிருவாகத்தின் மணியோசையால் ஆளப்பட்ட வாழ்வில், வீட்டுக் கொல்லை மட்டும் வேறொரு காலக்கணக்கில் இயங்கியது. அக்கணக்கு துரையுடையதன்று, தமிழருடையது.

அதே வேளையில் விதியின் எல்லையையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் இறக்குமதி அரிசி அருகியபோது, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உயிர் காத்தன. விளைய ஏறக்குறைய பத்துத் திங்கள் கொள்ளும் மரவள்ளிக்கு ஒருநாள் முன்பின் பொருட்டன்று. பசித்த வீட்டில் தண்டு கிடைத்த நாளே நல்ல நாள்.

மூங்கில் வெட்டும் வழக்கிலும் இப்பகுத்தறிவு பயன்படும். தேய்பிறையில் வெட்டிய மூங்கில் உளுக்காது என்பர். மூங்கிலை உளுக்கச் செய்வது அதன் மாச்சத்தை நாடும் வண்டு. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் ஓடும் நீரில் அமிழ்த்தினால் அச்சத்துக் குறைந்து வண்டின் தாக்குதல் தணியும். நாள் பார்த்தவரும் இதனைச் செய்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

வகுப்பறைக்கு ஒரு பணி

1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆசிரியர்களை உருவாக்கும் ஊரில் இக்கேள்வியை எழுப்புவது பொருத்தமே: “வளர்பிறையில் நட்டால் நன்றாக வளருமா?” என்று மாணவன் கேட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்ன சொல்லவேண்டும்? ‘ஆம்’ என்றால் அறிவியலுக்குப் பொய்யாகும். ‘மூடத்தனம்’ என்றால், அம்மாணவன் தன் பாட்டியின் அறிவு முழுவதையும், வித்தெடுக்கும் முறை, நிழலில் உலர்த்தும் பக்குவம், எருவிடும் அளவு உட்பட, ஒருசேரத் தள்ளிவிடக் கற்றுக்கொள்வான். ‘சோதித்துப் பார்ப்போம்’ என்பதே தக்க விடை.

அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரே பையிலிருந்து எடுத்த வெண்டை விதை ஐம்பதை அமாவாசை, வளர்பிறை எட்டு, பௌர்ணமி, தேய்பிறை எட்டு ஆகிய நான்கு நாள்களிலும் தனித்தனியே ஊன்றவேண்டும். மண், தொட்டி, நீரின் அளவு ஒன்றாகவே இருத்தல் வேண்டும்; பெருமழை படாத கூரையும் தேவை. எத்தொட்டி எந்நாளுக்குரியது என்பதை அறியாத மாணவரே முளைகளை எண்ணவேண்டும். மழையும் வெப்பமும் மாதந்தோறும் மாறுவதால், ஒரு சுற்றோடு நிறுத்தாமல் குறைந்தது ஆறு சுற்றேனும் தொடர்தல் வேண்டும். அதனோடு, எம்மாதத்தில் விதைத்தது செழித்தது, எம்மாதத்தில் வேரழுகியது என்பதையும் பதிவேட்டில் குறித்துவந்தால், சில ஆண்டுகளில் நம் முன்னோர் இம்மண்ணில் எழுதிமுடிக்காத ஒன்று நமக்குக் கிடைக்கும். அது தஞ்சோங் மாலிமுக்கு உரிய பட்டம்.

முடிவுரை

நிலவைப் பார்த்துப் பயிரிடும் மரபு, பருவம், நாள் என்னும் இரு உறுப்புகளால் ஆனது. கடல் கடந்தபோது முதலாவது நழுவியது. இரண்டாவது தனித்து நின்றது. நிலவு விதையை இழுக்கிறது என்பதற்குச் சான்றில்லை. எனினும், உழைப்பவரின் மாலைக்கு ஒளியையும் வேலைக்கு ஒழுங்கையும் அது தந்தது. ரப்பர் நின்ற இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்புகளும் எழுந்துள்ளன. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோர்க்குக் கொல்லையும் இல்லை. அந்தக் கொல்லைகளில் நின்றவர்களின் நினைவு மட்டுமே எஞ்சியுள்ளது. எந்தப் பயிரை எந்த நாளில், எந்த மழைக்குப்பின், எவ்வாறு நட்டனர் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். மெய்யெனப் போற்றுவதற்கும் பொய்யென ஒதுக்குவதற்கும் முன்னர்ச் செய்யவேண்டிய பணி அதுவே.